படம் ஓடும் வாரத்தில் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

வெளிநாட்டுத் திரைப்பட விழா ஒன்றில் தமிழ்ப் படம் விருது பெற்றால் நம் நாளிதழ்கள் அதை முதல் பக்கத்திலேயே புகைப்படத்துடன் வெளியிடுகின்றன. இயக்குநரின் ஊர், குடும்பம், அவர் பட்ட பாடு எல்லாம் ஞாயிறு இணைப்பில் அரைப் பக்கத்துக்கு வந்துவிடுகின்றன. தங்கள் இதழும் இதைக் குறைவின்றிச் செய்து வருகிறது, அதற்கு நன்றி. ஆனால் அதே படம் பல மாதங்கள் கழித்து, சில வேளைகளில் ஓரிரு ஆண்டுகள் கழித்து, ஏதோ ஒரு வெள்ளிக்கிழமை சில திரையரங்குகளில் மட்டும் வெளியாகும்போது, எந்த ஊரில், எந்தத் திரையரங்கில், எத்தனை மணிக்குக் காட்சி என்று தேடினால் ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை. அந்த வாரம் வெளியான பெரிய நடிகரின் படத்துக்கு மறுநாளே நீண்ட விமர்சனம் வந்துவிடுகிறது. சிறிய படத்தின் விமர்சனம் இடம் இருந்தால் அடுத்த வாரம் வருகிறது. அதற்குள் படத்தை எடுத்துவிட்டிருப்பார்கள். பெரிய நிறுவனங்களின் துணையின்றிச் சொந்த முயற்சியில் எடுக்கப்படும் படங்களைத் தேடித் தேடிப் பார்க்கிற ஒரு சினிமா ரசிகன் என்ற முறையில் இது குறித்துச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இப்படிச் சொந்த முயற்சியில் எடுக்கப்படும் சுயாதீனத் திரைப்படங்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே 'தயாரிப்பாளர் கிடைப்பதில்லை' என்பதில் தொடங்கி அதிலேயே முடித்துக்கொள்வது நமக்குப் பழக்கமாகிவிட்டது. தயாரிப்பாளர் கிடைப்பது இன்றும் கடினம்தான், மறுக்கவில்லை. ஆயினும் ஃபிலிம் சுருளுக்கும் லேபுக்கும் பிரிண்டுக்கும் பணத்தைக் கொட்டிய காலம் மலையேறிவிட்டது. அசாமின் ரீமா தாஸ் தம் சொந்த கிராமத்துக் குழந்தைகளை நடிக்க வைத்து, எழுத்து, ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, தயாரிப்பு என எல்லாவற்றையும் தாமே பார்த்துக்கொண்டு, கையடக்கமான ஒரு கேமராவைக் கொண்டு எடுத்த 'வில்லேஜ் ராக்ஸ்டார்ஸ்', 2018-இல் அறிவிக்கப்பட்ட தேசிய விருதுகளில் நாட்டின் சிறந்த படமாகத் தேர்வானது. இன்று படம் எடுக்க முடிகிறது. எடுத்ததை நாலு பேருக்குக் காட்டத்தான் முடியவில்லை. நான் சொல்ல வருவது இந்த ஒரு விஷயத்தைத்தான்.

பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' படத்துக்கு நேர்ந்ததைப் பாருங்கள். சிறு வயதிலேயே பள்ளிப் படிப்பை விட்டுத் திருப்பூரில் வேலை பார்த்து, பின்னர் சென்னையில் டிவிடி கடை ஒன்றில் வேலைக்கு இருந்து, அங்கு வந்த குறுந்தகடுகளின் வழியாகவே உலக சினிமாவைக் கற்றுக்கொண்ட ஒருவரின் முதல் படம் அது. 2021 பிப்ரவரியில் நெதர்லாந்தின் ராட்டர்டாம் திரைப்பட விழாவின் முதன்மை விருதான டைகர் விருதைப் பெற்றது. அந்த விருதைப் பெற்ற முதல் தமிழ்ப் படம். அவ்வாண்டே ஆஸ்கர் போட்டிக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்டது. இவ்வளவுக்கும் பிறகு தமிழ்நாட்டில் இருக்கும் சாதாரணப் பார்வையாளன் அதைப் பார்த்தது 2023 அக்டோபர் இறுதியில், அதுவும் ஓடிடி தளத்தில்தான். படத்துக்குப் பின்னால் நயன்தாரா, விக்னேஷ் சிவன் போன்ற பெயர் பெற்றவர்கள் தயாரிப்பாளர்களாக நின்றும் முறையான திரையரங்கு வெளியீடு வாய்க்கவில்லை. அவர்களுக்கே முடியவில்லை என்றால், கடன் வாங்கிப் படம் எடுத்துவிட்டு ஹார்ட் டிஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு விநியோகஸ்தர்களின் அலுவலகப் படியேறி இறங்கும் ஓர் அறிமுக இயக்குநருக்கு என்ன கிடைக்கும்?

ஓடிடியில்தான் கிடைக்கிறதே, பிறகென்ன குறை என்று கேட்பவர்கள் உண்டு. அந்தப் படத்தையே எடுத்துக்கொள்வோம். கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விட்ட மனைவியைக் கூட்டிவர, குடிகாரத் தகப்பன் ஒருவன் பள்ளிக்கூடத்திலிருந்து மகனை இழுத்துக்கொண்டு போகிறான். போன இடத்தில் சண்டை. திரும்பி வரும்போது இருவரும் வெயிலில் நடக்கிறார்கள். கதை இவ்வளவுதான். பொட்டல்காட்டின் நடுவே, முன்னால் பையனும் வெகு தொலைவில் பின்னால் தகப்பனும் இரண்டு புள்ளிகளாக நகர்கிற காட்சியைக் கைப்பேசியில் பார்த்தால் வெறும் பழுப்புத் திரைதான் தெரியும். பெரிய திரையில் அந்த இரண்டு புள்ளிகளுக்கும் இடையில் இருக்கிற தூரம்தான் கதை: பையன் பயப்படுகிறானா, சீண்டுகிறானா, தகப்பனின் கோபம் வெயிலில் கரைகிறதா, ஏறுகிறதா என்பதெல்லாம் அந்தத் தூரம் கூடுவதிலும் குறைவதிலும் இருக்கிறது. தாகத்துக்குப் பையன் ஒரு கூழாங்கல்லை வாயில் போட்டுக்கொள்கிறான். வீடு வந்ததும் அதைத் துப்பி எடுத்து வைக்கிற இடத்தில் ஏற்கெனவே கற்கள் குவிந்து கிடக்கின்றன. இந்த நடை அவனுக்கு எத்தனையாவது முறை என்பதை யாரும் வாய்திறந்து சொல்வதில்லை. இருட்டில், வேறெதிலும் கவனம் போகாமல், முன்பின் தெரியாத நூறு பேரோடு உட்கார்ந்து பார்க்கும்போது அந்தக் குவியலைக் கண்டதும் அரங்கில் எழும் சிறு சலசலப்பும் படத்தின் அனுபவத்தில் சேர்ந்துவிடும். வீட்டில் ஒன்றேகால் மணி நேரப் படத்தை மூன்று தவணையாகப் பார்த்துவிட்டு 'மெதுவாகப் போகிறது' என்று சொல்கிறோம்.

இந்த 'மெதுவாகப் போகிறது' என்ற சொற்றொடரைப் பற்றியும் தங்களிடம் கொஞ்சம் முறையிட வேண்டும். நம் இதழ்களின் விமர்சனங்களில் 'விருதுப் படம்', 'கலைப்படம்', 'பொறுமையாகப் பார்க்க வேண்டிய படம்' என்ற முத்திரைகள் பாராட்டு போலவே வருகின்றன. படிப்பவரோ அவற்றை எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்கிறார். அதே வினோத்ராஜின் இரண்டாவது படமான 'கொட்டுக்காளி' 2024 ஆகஸ்ட் 23 அன்று வெளியானபோது, இத்தகைய படத்தைத் திரையரங்குக்குக் கொண்டு வந்திருக்கவே கூடாது என்று திரையுலகத்துக்குள்ளிருந்தே ஒரு குரல் எழுந்தது நினைவிருக்கலாம். அந்தப் படத்தில் ஒரு காட்சி. காதலித்த பெண்ணுக்குப் 'பேய் பிடித்திருக்கிறது' என்று முடிவுகட்டி, பேயோட்டுகிறவரிடம் அவளை ஆட்டோவில் ஏற்றிச் செல்கிற கூட்டத்தின் வழியில் ஒரு காளை நின்றுகொண்டிருக்கிறது. மீசையும் வீறாப்புமாக வந்த ஆண்கள் அத்தனை பேரும் ஒதுங்கி நிற்க, எங்கிருந்தோ வந்த ஒரு சிறுமி அந்தக் காளையைச் சர்வ சாதாரணமாக ஓட்டிக்கொண்டு போய்விடுகிறாள். பின்னணி இசை இல்லை. நெருக்கக் காட்சி இல்லை. வசனத்தில் விளக்கம் இல்லை. இதைக் கண்டு சிரிக்கவும், சிரித்த பிறகு ஆட்டோவுக்குள் பேசாமல் உட்கார்ந்திருக்கிற அந்தப் பெண்ணை நினைத்துக்கொள்ளவும் தெரியாதவரா தமிழ்ப் பார்வையாளர்? தெருக்கூத்தில் விடிய விடிய உட்கார்ந்தவர்கள் நாம். நமக்குப் பொறுமை இல்லை என்பது, நம்மைக் கேட்காமலே பிறர் எழுதிவைத்த தீர்ப்பு.

விமர்சகர் இந்தப் படங்களைக் கட்டாயம் புகழ வேண்டும் என்று நான் கேட்கவில்லை. சொல்லப்போனால் சுயாதீனப் படம் என்பதாலேயே ஒரு படம் நல்ல படமாகிவிடாது. ஒலியைப் பற்றிக் கவலையே படாமல், பாதி வசனம் காதில் விழாதபடி எடுக்கப்பட்ட படங்களையும் பார்த்திருக்கிறேன். வறுமையையும் வறண்ட நிலத்தையும் காட்டினால் வெளிநாட்டு விழாக்காரர்களுக்குப் பிடிக்கும் என்று கணக்குப் போட்டு எடுக்கப்பட்ட படங்களும் உண்டு. கதாநாயகன் அறிமுகக் காட்சிக்குப் பாட்டு வைப்பதைப் போல அவர்களும் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ஒருவரைச் சும்மா நடக்க விடுகிறார்கள். இவற்றைக் கடுமையாகவே விமர்சியுங்கள். ஆனால் அந்தப் படம் எதைச் செய்ய முயன்றதோ அதைக் கொண்டு அளந்து விமர்சியுங்கள். இடைவேளைக்கு முன் திருப்பம் இல்லை, சண்டை இல்லை, 'குடும்பத்தோடு பார்க்கலாமா' என்ற அளவுகோல்கள் அங்கே பொருந்தா.

இனி, காட்சி நேரம் என்கிற விஷயத்துக்கு வருகிறேன். வெளியாட்களுக்குத் தெரியாமலேயே ஒரு படத்தின் ஆயுள் முடிவது இங்குதான். சிறிய படத்துக்குப் பெரும்பாலும் கிடைப்பது நாளொன்றுக்கு ஒரு காட்சி. அதுவும் காலை பத்தரை, பதினொன்றரை மணிக் காட்சி. வேலைக்குப் போகிறவர், கல்லூரிக்குப் போகிறவர், கடை வைத்திருக்கிறவர் யாரும் வர முடியாத நேரம். முன்பதிவுச் செயலியில் நாலைந்து இருக்கைகள் மட்டும் நிரம்பியிருந்தால், ஏசிக்கும் கரண்டுக்கும் கட்டாது என்று திரையரங்கில் காட்சியை ரத்து செய்துவிடுவார்கள். பதிவு செய்தவருக்குப் பணம் திரும்பி வந்ததாகக் குறுஞ்செய்தி வரும். எனக்கும் அப்படி வந்திருக்கிறது. சனி, ஞாயிறில் கூட்டம் வரவில்லை என்று திங்கட்கிழமை அந்த ஒரு காட்சியும் வேறு படத்துக்குப் போய்விடும். திரையரங்கு உரிமையாளரை இதில் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்கும் வாடகை, சம்பளம், வரி எல்லாம் இருக்கின்றன. ஆனால் வாய்வழிப் பேச்சால் மட்டுமே ஆள் சேர்க்க முடிந்த ஒரு படத்துக்கு, பேச்சு பரவுவதற்கான நாட்களையே கொடுக்காமல் 'ஓடவில்லை' என்று எழுதுவது, நாற்று நட்ட மறுநாளே கதிர் எங்கே என்று கேட்பதற்குச் சமம்.

செலவும் இருக்கிறது. ஃபிலிம் பிரிண்ட் போய் டிஜிட்டல் வந்த பிறகு திரையிடும் செலவு குறைந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். டிஜிட்டல் புரொஜெக்டர் நிறுவனங்களுக்கு ஒவ்வொரு திரைக்கும் தயாரிப்பாளர் கட்ட வேண்டிய வி.பி.எஃப். கட்டணம் என்று ஒன்று உண்டு. 2018 மார்ச் முதல் ஏறத்தாழ ஒன்றரை மாதம் தமிழில் புதுப் படங்களே வெளியாகாமல் தயாரிப்பாளர்கள் நிறுத்திவைத்தார்களே, அந்தப் போராட்டத்தின் முக்கியக் காரணம் இந்தக் கட்டணம்தான். பெரிய படத்துக்கு இது கணக்கில் ஒரு வரி. ஐந்து நாள் ஓடப்போகிற படத்துக்கு, வசூல் முழுவதையும் அதுவே விழுங்கிவிடக்கூடும். போஸ்டர் ஒட்டும் கூலி தனி.

இது இன்று நேற்று முளைத்த சிக்கல் அல்ல. ஜெயகாந்தன் தம்முடைய கதையைத் தாமே இயக்கி 1965-இல் கொண்டுவந்த 'உன்னைப்போல் ஒருவன்' தேசிய அளவில் சான்றிதழ் பெற்றது. திரையரங்குகளில் அதற்கு நீண்ட ஆயுள் இல்லை. வெங்கட் சாமிநாதன் திரைக்கதை எழுத, கேரளத்தைச் சேர்ந்த ஜான் ஆபிரகாம் இயக்கிய 'அக்ரஹாரத்தில் கழுதை' 1977-ஆம் ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்றும் பரவலாகத் திரையிடப்படவில்லை. பின்னாளில் தூர்தர்ஷனில் காட்டுவதாக இருந்து, எதிர்ப்பின் காரணமாக அதுவும் கைவிடப்பட்டது. 1960-இல் மத்திய அரசு தொடங்கிய திரைப்பட நிதிக் கழகம் நல்ல படங்களுக்குக் கடன் கொடுத்தது, சரி. எடுத்த படத்தைக் காட்டுவதற்குத் திரையரங்கு ஏற்பாடு இல்லாததால், கடன் வாங்கி எடுத்த பல படங்கள் டப்பாவுக்குள்ளேயே கிடந்தன. மலையாள இயக்குநர் அடூர் கோபாலகிருஷ்ணனின் முதல் படமான 'சுயம்வரம்' அந்தக் கழகத்தின் கடனில் எடுக்கப்பட்டதுதான். 1972-இல் முதலில் வெளியானபோது ஆள் வரவில்லை. தேசிய விருதுகள் கிடைத்த பிறகு மறுபடி வெளியிடப்பட்டபோதுதான் மக்கள் வந்து பார்த்தார்கள், கடனும் அடைந்தது. மறு வாய்ப்பு என்ற ஒன்று இருந்ததால் பிழைத்த படம் அது. நம் நடைமுறையில் அந்த மறு வாய்ப்பு, பழைய ரஜினி, விஜய், கமல் படங்களை மெருகேற்றி மீண்டும் வெளியிடும்போது மட்டுமே கிடைக்கிறது.

ஜான் ஆபிரகாமே பின்னர் இதற்கு வேறொரு வழியைக் கண்டார். கேரளத்தில் 'ஒடேசா' என்ற அமைப்பை நண்பர்களோடு தொடங்கி, ஊர் ஊராகப் போய்ச் சாப்ளினின் 'தி கிட்' போன்ற படங்களைத் திரையிட்டு, பார்த்தவர்களிடமே காசு சேர்த்து 1986-இல் 'அம்ம அறியான்' படத்தை முடித்தார்; முடித்த படத்தையும் அதே வழியில் ஊர்களுக்கே எடுத்துச் சென்றார்கள். மறு ஆண்டே ஜான் இறந்துபோனார். ஆயினும் அந்த முறை செத்துவிடவில்லை: பல ஆண்டுகள் கழித்து இயக்குநர் சனல்குமார் சசிதரனும் நண்பர்களும் 'காழ்ச்ச சலச்சித்திர வேதி' என்ற பெயரில் மக்களிடம் பணம் திரட்டிப் படம் எடுத்து, 'சினிமா வண்டி' என்று ஒன்றைக் கட்டிக்கொண்டு கேரளத்தின் ஊர்களில் திரையிட்டார்கள். தமிழகத்திலும் முற்போக்கு எழுத்தாளர் சங்கமான தமுஎகச போன்ற அமைப்புகளும் சிறுபத்திரிகைக்காரர்களும் 16 எம்.எம். புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடங்களிலும் திருமண மண்டபங்களிலும் உலக சினிமாவைக் காட்டிய காலம் இருந்தது. இன்று நம் இயக்குநர்கள் பலர் அந்தத் திரையிடல்களில் பாய் விரித்து உட்கார்ந்தவர்கள்தாம் என்பதை அவர்களுடைய பேட்டிகளிலேயே படிக்கலாம்.

ஆனால் தனியார் ஆர்வத்தை மட்டுமே நம்பி இதை விட்டுவிட முடியாது. கேரள அரசு 1998-இலேயே சலச்சித்திர அகாதமி என்ற திரைப்பட அமைப்பை நிறுவியது. திருவனந்தபுரத்தில் கைரளி, நிளா, ஸ்ரீ என்று அரசுக்குச் சொந்தமான திரையரங்குகள் இயங்குகின்றன. 2024 மார்ச்சில் 'சி ஸ்பேஸ்' என்ற அரசு ஓடிடி தளமும் தொடங்கப்பட்டது. அதில் பார்க்கிற படத்துக்கு மட்டும் காசு. தொடக்கத்தில் படம் ஒன்றுக்கு 75 ரூபாய் என்றும், அதில் பாதி தயாரிப்பாளருக்கு என்றும் வைத்தார்கள். மகாராஷ்டிர அரசு 2015-இல் மல்டிபிளெக்ஸ்களில் மாலை ஆறு முதல் ஒன்பது மணிக்குள் மராத்திப் படம் ஒன்றைக் கட்டாயம் திரையிட வேண்டும் என்றது. எதிர்ப்பு கிளம்பவே, நண்பகல் முதல் இரவு ஒன்பது வரை என்று நேரத்தைத் தளர்த்திக்கொண்டது. இந்த ஏற்பாடுகளிலும் ஓட்டைகள் உண்டு. நண்பகல் காட்சியைக் கொடுத்துவிட்டு விதியை நிறைவேற்றிவிட்டதாகச் சொல்லிக்கொள்ளலாம். இருந்தாலும் எத்தனை மணிக்குத் திரையிடுவது என்பதில் அரசுக்குப் பொறுப்பு உண்டு என்று ஒப்புக்கொண்டதே பெரிது. இந்தியாவிலேயே அதிகப் படங்கள் எடுக்கும் மாநிலங்களில் ஒன்றான தமிழ்நாட்டில், சிறு முதலீட்டுப் படங்களுக்கு அரசு மானியம் தருகிறது. ஆனால் படம் வெளிவந்து, கடன் வட்டி ஏறி, இயக்குநர் ஊரைப் பார்த்துப் போன பிறகு கைக்கு வரும் மானியத்தால் ஒரு காட்சி கூடுதலாக ஓடப்போவதில்லை. அதில் ஒரு பகுதியைத் திரையிடலுக்கென்றே ஒதுக்கி, தேர்வான படங்களுக்கு வி.பி.எஃப். கட்டணத்தை அரசே ஏற்கலாம்; மாவட்டத் தலைநகர் ஒவ்வொன்றிலும் ஒரு திரையில் இரண்டு வாரத்துக்கு மாலைக் காட்சி ஒன்றுக்கு உத்தரவாதம் தரலாம். பெருந்தொகை கேட்கும் காரியம் இல்லை இது. அரசு கட்டிவைத்திருக்கும் கலையரங்கங்களையும் இதற்குப் பயன்படுத்தலாம் என்பதை நினைவூட்டுகிறேன்.

செழியனின் 'டு லெட்' 2017-க்கான சிறந்த தமிழ்ப் படமாகத் தேர்வாகி, 2019 பிப்ரவரியில்தான் திரைக்கு வந்தது. மணிகண்டனின் 'கடைசி விவசாயி' 2022-இல் வெளிவந்தபோது, அதில் நாயகனாக வாழ்ந்துகாட்டிய முதியவர் நல்லாண்டி உயிரோடு இல்லை. தேசிய விருதுக் குழுவின் சிறப்புக் குறிப்பும் அவர் மறைவுக்குப் பிறகே வந்தது. ஒரு படம் தாமதமாகும்போது யாருக்கு என்ன இழப்பு என்று கேட்பவர்களுக்கு இதைவிட வேறு பதில் என்னிடம் இல்லை.

அரசு செய்யும்போது செய்யட்டும். தங்கள் இதழால் நாளைக்கே செய்யக்கூடியவை சில உண்டு. வெள்ளிக்கிழமை சினிமா பக்கத்தில் ஒரு சிறு கட்டத்தை ஒதுக்கி, அந்த வாரம் வெளியாகும் சிறிய படங்கள் எந்த ஊரில், எந்தத் திரையரங்கில், எத்தனை மணிக்கு ஓடுகின்றன என்று விளம்பரக் கட்டணம் வாங்காமல் வெளியிடுங்கள். மாவட்டப் பதிப்புகளில் அந்தந்த ஊர் விவரம் போதும். தமிழோடு நிறுத்திவிடாமல், நம் ஊர்களில் ஓடும் மலையாள, கன்னட, அசாமியச் சிறு படங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத் துணைத்தலைப்பு மட்டும் இருக்கிறதா, தமிழில் இருக்கிறதா என்பதையும் குறிப்பிட்டால் பலருக்கு உதவும். வெளியீட்டுக்கு முன்பே விமர்சகருக்குப் படத்தைக் காட்டச் சிறிய படக்குழுவினர் யாரும் மறுக்கமாட்டார்கள். சனிக்கிழமைக் காலைப் பதிப்பிலேயே விமர்சனம் வந்துவிட்டால், அன்று மாலைக் காட்சிக்குக் கூடுதலாகப் பத்துப் பேர் போவார்கள். திங்கட்கிழமை அந்தப் படம் திரையில் தொடர்வதற்குச் சில ஊர்களில் அந்தப் பத்துப் பேரே போதும். கட்டத்துக்கான விவரங்களைத் திரட்டித் தர, எங்கள் ஊர்களில் இயங்கும் திரைப்படச் சங்கத்தினரைக் கேட்டால் ஆர்வத்தோடு முன்வருவார்கள். நானும் என்னால் ஆனதைச் செய்யத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்